கோல்ஃப் கேள்வி–பதில்: நேற்றிருந்த ஸ்விங் இன்று எங்கே?

சென்ற இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: நன்றாக ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் திடீரென்று ஆட்டம் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே இந்த முறை விதிகள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 56. பதினைந்து ஆண்டுகளாக ஆடுகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்; குறைந்தால் நல்லது) 14. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எட்டாவது குழியில் பிட்சிங் வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கான மட்டையால்) அடித்த பந்து வலப்பக்கமாகச் சிதறி ஓடியது. அன்றிலிருந்து எந்த அயர்னை (இரும்புத் தலை மட்டையை) எடுத்தாலும் பத்துப் பந்துகளில் நான்கு அப்படித்தான் போகின்றன. இணையத்தில் காணொளிகளைப் பார்த்துக் கிரிப்பை (மட்டையைப் பிடிக்கும் விதத்தை) மூன்று முறை மாற்றினேன், பந்திலிருந்து தள்ளியும் நின்று பார்த்தேன், பயனில்லை. டிரைவர் (மிக நீளமான மட்டை) மட்டும் ஓரளவு நேராகப் போகிறது. என் ஸ்விங் (மட்டை வீச்சு) போயே போய்விட்டதா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போகவில்லை. டிரைவர் நேராகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; ஸ்விங் போயிருந்தால் முதலில் கெட்டிருப்பது அந்த நீளமான கிளப்பாகத்தான் இருக்கும். உங்களுக்கு வந்திருப்பது ஷாங்க். கிளப்பின் முகத்தில் பட வேண்டிய பந்து, தண்டு வந்து தலையில் சேருகிற குழாய் போன்ற பகுதியில், அதாவது ஹோசலில், படுகிறது. அது உருண்டையான பரப்பு என்பதால் பந்து வலப்புறம் தெறித்து ஓடுகிறது. பார்ப்பதற்கு இதைவிட அவலட்சணமான அடி கோல்ஃபில் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால், அயர்னின் முகத்தில் நல்ல அடி விழும் இடத்துக்கும் ஹோசலுக்கும் இடையே உள்ள தூரம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். உங்கள் கைகள் உடலை விட்டு இரண்டு விரற்கடை முன்னால் போனதன் விளைவே இத்தனை கலக்கமும். பதினைந்து ஆண்டுகளில் உடம்பு கற்றுக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அழிந்துபோவதில்லை.

கிளப்பைக் கீழே இறக்கும் வீச்சு ஏறத்தாழ கால் விநாடியில் முடிந்துவிடுகிறது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதோ அரை மில்லி விநாடிதான். அந்த நேரத்துக்குள் எதையும் திருத்த எந்த மனிதனாலும் முடியாது. ஆகையால் திருத்த முடிந்ததெல்லாம் கிளப் நகருவதற்கு முன்பே இருக்கிறது: நிற்கும் நிலை, எடை விழும் இடம், பந்து இருக்கும் இடம், குறி பார்க்கும் திசை, கிரிப். திடீரென்று ஆட்டம் கெட்டுவிட்டதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் பார்த்தவரையில் இந்த ஐந்தில் ஒன்றுதான் நகர்ந்திருக்கும். அது ஒரே நாளில் நகர்வதுமில்லை. மாதக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, உடம்பும் அதற்கேற்பச் சமாளித்துக்கொண்டே வந்து, ஒரு நாள் சமாளிக்க முடியாமல் போகிறது. நமக்குத் தெரிவது அந்தக் கடைசி நாள் மட்டும்தான். அதனால்தான் 'திடீரென்று' என்கிறோம்.

எனக்கும் ஒருமுறை ஷாங்க் வந்து, இரண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. என் ஸ்விங்கைப் படம்பிடித்துப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு நாள் விடியற்காலையில் என்னோடு வந்த கேடி (காவல் நிலையப் பட்டியலில் இருக்கும் கேடி அல்ல, பையைச் சுமந்து வருபவர்) நான் அடித்ததையே பார்க்கவில்லை. நான் நகர்ந்த பிறகு, நின்றிருந்த இடத்தில் பனி படர்ந்த புல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், முன்னங்கால் தடம்தான் அழுத்தமா இருக்கு, குதிகால் தடத்தையே காணோமே" என்றார். அவ்வளவுதான் விஷயம். புதிதாக வாங்கிய காலணியின் குதி சற்று உயரமாக இருந்ததால், எடை முழுவதும் விரல்களின் மேல் விழுந்து, கிளப் இறங்கும்போது உடம்பு பந்தை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

நீங்கள் பந்திலிருந்து தள்ளி நின்று பார்த்ததாக எழுதியதைப் படித்தபோது அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. ஷாங்க் வந்தவர் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். ஹோசலில் படுகிறதே, தள்ளி நின்றால் முகத்தின் நடுவில் படும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தள்ளி நின்றவர் பந்தை எட்டுவதற்காக முன்னால் சாய வேண்டியிருக்கிறது, எடை விரல்களுக்குப் போகிறது, கிளப் இன்னும் வெளியே தள்ளப்படுகிறது, ஷாங்க் கூடுகிறது. கூடக் கூட இன்னும் தள்ளி நிற்கிறார். மருந்தே நோயை வளர்க்கும் கதை இது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிரைவிங் ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) 9 அயர்னையும், வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கர் பேனா ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பந்தின் பின்பக்கத்திலும், கிளப் படப்போகும் இடத்தில், பெரிதாக ஒரு புள்ளி வைத்துப் பாதி வீச்சில் பத்துப் பந்துகள் அடியுங்கள். மை கிளப்பின் முகத்தில் அச்சாகப் பதியும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அது எங்கே பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். அச்சுகள் ஹோசலை ஒட்டியே விழுந்தால் கோளாறு உங்களுக்கும் பந்துக்கும் இடையிலான தூரத்திலோ சமநிலையிலோ இருக்கிறது, கிரிப்பைத் தொடாதீர்கள். அச்சு நடுவில் விழுந்தும் பந்து வலப்புறம் போனால், கோளாறு கிளப் முகத்தின் திசையிலோ நீங்கள் குறி பார்க்கும் விதத்திலோ இருக்கிறது. ஏனென்றால் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதும் நேரத்தில் முகம் பார்க்கும் திசைதான். வீச்சின் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடு, பந்து பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பதைத் தீர்மானிக்கிறது. வீச்சின் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று பழைய தலைமுறைப் பயிற்சியாளர்கள் பலர் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடாரை வைத்துப் பந்தை அளக்கும் கருவிகள் வந்த பிறகு அது தவறென்று தெளிவாகிவிட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் பார்த்த காணொளிகளில் ஒரு பங்காவது இன்னும் அந்தப் பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அச்சுகள் ஹோசல் பக்கம்தான் விழும் என்று நினைக்கிறேன். அப்படியானால், மூன்று பந்துகள் அடைத்து வரும் சிறிய அட்டைப்பெட்டியைக் காலியாக்கி, பந்துக்கு அப்பால், உங்களுக்கு எதிர்ப்புறமாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பெட்டியில் கிளப் படாமல் பந்தை மட்டும் அடிக்க வேண்டும். காலணிக்குள் கால்விரல்களை இலேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டால் எடை தானாகப் பாதத்தின் நடுவுக்கு வந்துவிடும். இடுப்புயரத்துக்கு மேல் கிளப் போக வேண்டாம். முதல் நாள் முப்பது பந்துகள் போதும். நூறு அடித்தால் களைப்பில் மறுபடியும் விரல்களின் மேல் சாய்வீர்கள். மூன்று, நான்கு நாள்களில் பெட்டி அசையாமல் இருக்கத் தொடங்கிய பிறகு வீச்சை முழுமையாக்குங்கள்.

அதற்குள் போட்டி ஏதேனும் வந்துவிட்டால் அயர்னோடு மல்லுக்கு நிற்காமல், முடிந்த இடங்களில் ஹைப்ரிட் கிளப்பை (அயர்னுக்கும் மரத்தலைக் கிளப்புக்கும் இடைப்பட்டதை) குட்டையாகப் பிடித்து மென்மையாக அடித்துச் சமாளியுங்கள். அதில் ஹோசல் முகத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதில்லை என்பதால் பயம் குறையும். காணொளிகளை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். மூன்று முறை மாற்றிய கிரிப்பைப் பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படியிருந்தது என்று மறந்துவிட்டால் உங்கள் பழைய கையுறையை எடுத்துப் பாருங்கள், தேய்ந்த இடம் சொல்லும்.

கேள்வி: ரேஞ்சில் ஒரு கூடைப் பந்துகளையும் அழகாக அடிக்கிறேன். முதல் டீயில் (முதல் அடியை அடிக்கும் மேடையில்) ஏறி நின்றால் அடித்தது நான்தானா என்று சந்தேகம் வருகிறது. கடந்த மாதம் வரை 86, 88 என்று இருந்த என் ஸ்கோர் (அடிகளின் எண்ணிக்கை; குறைந்தால் நல்லது) இப்போது 97. காரணம் மனமா, உடம்பா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இரண்டையும் குற்றம் சொல்வதற்கு முன் உங்கள் பயிற்சியைக் குற்றம் சொல்கிறேன். ரேஞ்சில் ஒரே கிளப்பால், ஒரே சமதரையிலிருந்து, ஒரே குறியை நோக்கி நாற்பது பந்துகள் அடிக்கிறீர்கள். முதல் ஐந்து பந்துகள் தவறினாலும் ஆறாவது பந்துக்குள் உடம்பு திருத்திக்கொள்கிறது. மீதி முப்பத்தைந்தும் அந்தத் திருத்தத்தின் நகல்கள். மைதானத்தில் ஒவ்வோர் அடியும் முதல் பந்துதான். ஆகவே ரேஞ்சில் கடைசி இருபது பந்துகளையாவது மைதானத்தில் ஆடுவதுபோல் ஆடுங்கள்: முதலில் டிரைவர், அடுத்து 6 அயர்ன், அதற்கடுத்து வெட்ஜ், ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் போய் நின்று குறி பார்த்துவிட்டு வந்து அடியுங்கள். பந்துகள் முன்போல் அழகாகப் போகமாட்டா. அதுதான் உங்கள் உண்மையான நிலை.

மனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் சீயன் பைலாக்கும் அவருடைய சகாக்களும் பட்டிங்கில் (பந்தைக் குழியை நோக்கி மெல்ல உருட்டும் அடியில்) ஒரு சோதனை செய்தார்கள். தங்கள் கையின் அசைவைக் கவனித்துக்கொண்டே ஆடும்படி சொன்னபோது, தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டம் கெட்டது. புதியவர்களுக்கோ அந்தக் கவனம் உதவியது. உடம்புக்குப் பழகிப்போன ஒரு செயலை மனம் அக்கறையோடு மேற்பார்வையிடத் தொடங்கினால் அது தடுமாறுகிறது. படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று யோசித்துப் பாருங்கள், தெரியும். முதல் டீயில் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றதும் நீங்கள் முழங்கையையும் தோளையும் நினைக்கிறீர்கள். அதற்குப் பதிலாக உங்களுக்கு வெளியே இருக்கும் ஒன்றை நினையுங்கள்: ஃபேர்வேயின் (டீக்கும் குழிக்கும் இடையே சீராக வெட்டிய புல்வெளியின்) முடிவில் தெரியும் ஒரு மரம், அல்லது பந்துக்கு முன்னால் ஓரடி தூரத்தில் கிடக்கும் ஒரு காய்ந்த இலை.

ஸ்கோரைப் பற்றியும் சிறிது. 2020 முதல் நடைமுறையில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரியே கணக்கிடப்படுகிறது. அதாவது ஹேண்டிகேப் உங்கள் நல்ல நாள்களின் கணக்கு; சாதாரண நாளில் அதைவிடச் சில அடிகள் கூடுவது இயல்பு. 97 கொஞ்சம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 86 தான் நான் என்று நினைத்துக்கொண்டு 91 அடித்த நாளில் ஸ்விங்கை மாற்றத் தொடங்கினீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பல சரிவுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கேள்வி: குழியிலிருந்து மூன்றடி தூரத்தில் பட் அடிக்கும்போது என் வலது கை வெட்டி இழுக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் இது இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: இதற்கு யிப்ஸ் என்று பெயர். சிலருக்குப் பதற்றத்தால் வருகிறது. சிலருக்கு, ஒரே நுண்ணிய அசைவைப் பல ஆண்டுகள் செய்ததால் தசைகளுக்குப் போகும் கட்டளையே குழம்பிவிடுகிறது. எழுத்தர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் விரல்கள் மடங்கிக்கொள்வதும் இந்த வகையே. பட்டிங்கைத் தவிர வேறு வேலைகளிலும், எழுதும்போதோ காபிக் கோப்பையைப் பிடிக்கும்போதோ, கை இழுத்தால் நரம்பியல் மருத்துவரை அவசியம் பாருங்கள்.

பட்டிங்கில் மட்டும்தான் என்றால் கையைப் பழக்குவதைவிட அதை ஏமாற்றுவதே எளிது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு இது ஒருமுறை அல்ல, பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பிடிக்கும் விதத்தையே மாற்றினார். ஒரு காலத்தில் பட்டரின் (பட்டிங் கிளப்பின்) தண்டை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் பிடித்துக்கொண்டு ஆடினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1985-இலும் 1993-இலும் கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றவர் அவர். நீங்கள் வலது கையைக் கீழே வைப்பவரானால் இடது கையைக் கீழே மாற்றிப் பாருங்கள். அல்லது வலது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பேனாவைப்போல் பட்டரைப் பிடித்துப் பாருங்கள். மூளைக்கு அது புதிய வேலை. பழைய இழுப்பு அதில் இருக்காது. பட்டரின் முனையை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றிக்கொண்டு ஆடலாமே என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். 2016 ஜனவரி முதல் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

கேள்வி: போன ஃபார்ம் திரும்ப வராமலே போனவர்களும் உண்டா? ஆறுதல் வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவின் இயன் பேக்கர்-ஃபின்ச் 1991-இல் ராயல் பெர்க்டேலில் ஓபன் (பிரிட்டனில் நடக்கும் பெரும் போட்டி) பட்டத்தை வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்துச் செயின்ட் ஆண்ட்ரூஸில், ஆர்னால்ட் பாமரோடு ஆடிய சுற்றில், முதல் டீயிலிருந்து பந்தை இடப்பக்கம் எல்லைக்கு வெளியே அடித்தார். அங்கே முதல் குழியின் ஃபேர்வேயும் பதினெட்டாவதன் ஃபேர்வேயும் ஒன்றோடொன்று சேர்ந்து, கோல்ஃபிலேயே மிக அகலமான ஃபேர்வேக்களில் ஒன்றாகக் கிடக்கின்றன. அதையும் தாண்டிப் போயிற்று பந்து. 1997-இல் ராயல் ட்ரூனில் முதல் சுற்றில் 92 அடித்துவிட்டு விலகினார். அதன்பின் அவரைத் தொலைக்காட்சி வர்ணனையாளராகத்தான் உலகம் அறிந்தது. பட்டம் வென்ற பிறகு இன்னும் தூரமாக அடிக்க வேண்டும் என்று, வேலை செய்துகொண்டிருந்த ஸ்விங்கைத் திருத்தப் போனதும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம். பயிற்சியின்போது அவருக்குப் பந்து நேராகவே போனது. டீயில் ஏறியதும் போய்விட்டது. சென்னை வாசகியின் கேள்வியும் இதுதான் என்பதைக் கவனியுங்கள்.

டேவிட் டுவாலின் கதை வேறு. 1999-இல் ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில் 59 அடித்து வென்று, அதே ஆண்டில் உலகின் முதல் இடத்துக்கும் வந்தவர். 2001-இல் ஓபன் பட்டத்தையும் வென்றார். பிறகு முதுகு, மணிக்கட்டுக் காயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வலியைத் தவிர்க்க உடம்பு வேறு வழியில் வீசப் பழகிக்கொண்டது. வலி போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உலகத் தரவரிசையில் 800-க்கும் கீழே இறங்கியிருந்த நிலையில், 2009 யு.எஸ். ஓபனில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அது ஒரு வாரத்து வெளிச்சம், நிலைக்கவில்லை. மீண்டவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் ஓபன் வென்ற ஜோர்டன் ஸ்பீத், அடுத்த வெற்றிக்கு 2021 ஏப்ரலில் டெக்ஸஸில் நடந்த போட்டி வரை காத்திருந்தார்.

இவர்கள் வாரந்தோறும் கேமராக்களுக்கு முன்னால், பிழைப்புக்காக ஆடியவர்கள். நீங்கள் இரண்டு மாதம் கிளப்பைத் தொடாமல் இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அது அவர்களுக்குக் கிடைக்காத வசதி. உடம்பில் வலி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வலியோடு ஆடிக் கற்றுக்கொண்ட ஸ்விங்கைப் பிறகு மறக்கவைப்பது பெரும்பாடு.

கேள்வி: புதிய மூக்குக்கண்ணாடி போட்டதிலிருந்து பந்தின் தலையில் அடிக்கிறேன். தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், கொழும்பு

பதில்: தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே கண்ணாடி என்றால் நிச்சயமாக உண்டு. அதன் கீழ்ப்பகுதி புத்தக தூரத்துக்கானது. காலடியில் கிடக்கும் பந்தை அதன் வழியே பார்த்தால் மங்கலாகவோ இடம் மாறியோ தெரியும். தெளிவாகப் பார்க்க உங்களை அறியாமல் முகவாயை மார்போடு அழுத்துகிறீர்கள். தோள் திரும்ப இடமில்லாமல் உடம்பு மேலே எழும்புகிறது. ஆட்டத்துக்கென்று தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஸ்கோர் அட்டையைக் கூட ஆடுபவர் வாசித்துச் சொல்லட்டும்.

கேள்வி: ஆட்டம் கெட்டுவிட்டது. புதிய கிளப் செட் வாங்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இப்போது வேண்டாம். கெட்ட ஸ்விங்குக்கு அளவெடுத்து வாங்கிய கிளப், ஸ்விங் சரியான பிறகு பொருந்தாது. ஆனால் கிளப்புகளின் கைப்பிடி ரப்பரை, அதாவது கிரிப்புகளை, தொட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் சீக்கிரமே இறுகி வழவழப்பாகிவிடுகிறது. வழுக்குகிற கிளப்பைக் கை தானாகவே இறுகப் பிடிக்கும், இறுகப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது, பந்து வலப்புறம் போகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் கிரிப்புகளை மட்டும் மாற்றுங்கள்.